‘தைராய்டுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?’: மாத்திரையோடு மூலிகையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் ஒன்றில் இருக்கிறது எங்கள் நாட்டு மருந்துக் கடை. அப்பா போட்ட கடை. அவர் காலத்தில் ‘கழுத்துல கழலை’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், அவர் மந்தாரைப் பட்டையை இடித்துப் பொட்டலம் கட்டுவார். இப்போது எல்லாரும் ஒரே சொல்லோடு படியேறுகிறார்கள்: “தைராய்டுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?”

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். “கூடவா, குறையவா?” பலருக்கு அது தெரியாது.

போன ஐப்பசியில் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அடுத்த வீட்டுக்காரிக்கு அமுக்கரா சூரணம் நன்றாகக் கேட்டதாம், அதே வேண்டும் என்றார். ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். டி.எஸ்.எச் 0.01. பக்கத்தில் குறைவு என்ற அடையாளம். “கொறைவுன்னு போட்டிருக்குல்லா, அதுக்குத்தான் கேக்கேன்.”

தாளை நீட்டிய கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. பீடி சுற்றுகிறவர். “முன்னெல்லாம் நாளைக்கு ஆயிரம் சுத்துவேன், இப்ப அறநூறு தாண்ட மாட்டேங்கு. நூலச் சுத்தும்போது வெரலு நிக்க மாட்டேங்கு, பாதியக் கழிச்சிருதாங்க” என்றார். அவருக்கு இருந்தது குறைவு அல்ல, கூடுதல். அவர் கேட்ட சூரணத்தைக் கொடுத்திருந்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதாகியிருக்கும்.

கூடுதல் தைராய்டு என்று இப்போதுதான் தெரிந்து, மாத்திரையைத் தொடங்கிவிட்டு, ‘கூடவே மூலிகையும் எடுக்கலாமா’ என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்துச் சரக்கு விற்கிறவன். கூடுதல் தைராய்டு உள்ள ஒருத்தியின் புருஷன். இரண்டிலும் கொஞ்சம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ரிப்போர்ட்டை வாசிக்கப் பழகுங்கள்

டி.எஸ்.எச் என்பது தைராய்டு சுரப்பியிலிருந்து வருவது அல்ல. தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு ‘வேலை செய்’ என்று அனுப்பும் ஓலை அது. கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் மேலே இருப்பவர் ஓலை அனுப்புவதை நிறுத்திவிடுவார். அதனால் டி.எஸ்.எச் குறைந்தால் தைராய்டு கூடுதல், டி.எஸ்.எச் ஏறினால் தைராய்டு குறைவு. பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று லேப் தாளில் இருக்கும். 0.01 என்றால் ஓலை அறவே நின்றுவிட்டது என்று பொருள். தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் ஏறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு புரியாமல்தான் பாதித் தவறு நடக்கிறது. இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ‘தைராய்டு மூலிகை’ பெரும்பாலும் குறைவான தைராய்டுக்குச் சொல்லப்படுவது, ஏனென்றால் நம்மிடையே அதுதான் அதிகம். கடையிலோ மருத்துவரிடமோ ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று சொல்லாதீர்கள். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது. ‘எனக்குத் தைராய்டு கூடுதல், கார்பிமசோல் சாப்பிடுகிறேன்’ என்று, கூடுதலைக் குறைக்கத் தரும் மாத்திரையின் பெயரோடு முழுதாகச் சொல்லுங்கள்.

அறிகுறிகள் உங்களுக்கே தெரிந்திருக்கும்: நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது, படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, அடிக்கடி வயிறு போவது, மாதவிலக்கு தள்ளிப்போவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. சிலருக்குக் கண் பிதுங்கும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் ‘வேர்க்குது, படபடங்குது’ என்றால் யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? என் மனைவி விஷயத்தில் நாங்கள் நாலு மாதம் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். கையை நீட்டி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

அடுத்து, காரணம் என்ன என்று கேளுங்கள்

கூடுதல் என்பது ஒரே நோய் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை முடுக்கிவிடும் கிரேவ்ஸ் நோய் ஒன்று. சுரப்பிக்குள் முளைத்த கட்டி தன்னிச்சையாகச் சுரப்பது இன்னொன்று. சுரப்பி வீங்கிப் புண்பட்டு, ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிவது மூன்றாவது. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கும், பல நேரம் கார்பிமசோலே தேவைப்படாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘குத்தாலத்துல ஒருத்தர் கசாயம் குடுத்தாரு, மூணு மாசத்துல சுத்தமாப் போயிருச்சு’ என்ற கதை எங்கள் பக்கம் ஏராளம். கதை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அடங்கப்போகிற நோய், கசாயம் குடித்துக்கொண்டிருக்கும்போது அடங்கியது. பெயர் கசாயத்துக்குப் போயிற்று. உங்களுக்கு இருப்பது கிரேவ்ஸ் என்றால் அதே கசாயத்தை நம்பி மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கதை சொல்லாது.

மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிந்தால் பொறுமை வரும்

நம் பக்கம் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் கார்பிமசோல். நியோ மெர்கசோல் என்ற பெயரில் பலர் பார்த்திருப்பீர்கள். அது சுரப்பி புதிதாக ஹார்மோன் செய்வதைத் தடுக்கும், ஏற்கெனவே செய்து வைத்ததை ஒன்றும் செய்யாது. குலுக்கையில் நெல் நிறைந்திருக்கிறது, புதுக் களத்து நெல் வருவதை நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கிடப்பது தீர நாள் ஆகும் அல்லவா? அதனால்தான் டி4 சரியான அளவுக்கு இறங்க நாலு முதல் எட்டு வாரம் வரை ஆகிறது. டி.எஸ்.எச் அதற்கும் பின்னால் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் எழும்பும். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்க புரோபிரனோலால் கொடுப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்த இடைப்பட்ட வாரங்கள்தான் ஆபத்தான வாரங்கள். ‘இருபது நாளாச் சாப்பிடுதேன், ஒண்ணும் கேக்கல’ என்று மனசு சலித்து, மூலிகையைத் தேடி வருவது அப்போதுதான். என் யோசனை: முதல் இரண்டு மாதம் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். மாத்திரை மட்டும் என்ன செய்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனையிலாவது தெரியட்டும். கிரேவ்ஸுக்கு வழக்கமாக 12 முதல் 18 மாதம் மாத்திரை தொடரும். மூலிகைக்கு அவசரமில்லை, அது மலையை விட்டு எங்கும் ஓடிவிடாது.

மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஹார்மோன் பொங்கியெழலாம். கடுங்காய்ச்சல், கட்டுக்கடங்காத நாடித்துடிப்பு, வாந்தி, பிதற்றல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான கட்டம். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சலா, தொண்டை வலியா? அடுப்பில் எதையும் ஏற்றாதீர்கள்

முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களில் ஆயிரத்தில் சிலருக்கு ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் திடீரென்று அடியோடு குறைந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். கிருமியை எதிர்க்கும் படையே இல்லாமல் போகிறது. வெளியே தெரியும் அடையாளம் மிகச் சாதாரணமானது: காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண்.

இதே மூன்றுக்கும் நம் வீடுகளில் என்ன செய்வோம்? தொண்டை கரகரத்தால் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வோம். காய்ச்சல் என்றால் நிலவேம்புக் குடிநீர். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை. ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டுக்கு ஒருவர் இருமுவார், டெங்கு காலத்தில் அரசே நிலவேம்பைக் காய்ச்சிக் கொடுத்தது. நானும் ஒவ்வொரு அடைமழைக்கும் மூட்டை மூட்டையாக விற்கிறேன். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று அதில் சேரும் ஒன்பதும் எனக்கு மனப்பாடம். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கார்பிமசோல் சாப்பிடுகிறவர் அதைக் குடித்துவிட்டு ‘மூணு நாள் பாப்போம்’ என்று படுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. அந்த மூன்று நாளில் கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த வேளை கார்பிமசோலை நிறுத்துங்கள். அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், டாக்டரைப் பார்த்து ‘நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன், டோட்டல் கவுண்டும் டி.சி.யும் பார்க்க வேண்டும்’ என்று சொல்லுங்கள், இரண்டும் வெள்ளணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனைகள். வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்தால் சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று டாக்டரே சொல்வார். மாத்திரையை விடாதே என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. இல்லை, இன்னொன்றும் உண்டு.

கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்தால் அது ஈரல் பாதிப்பாக இருக்கலாம். மஞ்சள் காமாலை என்றதும் எங்கள் பக்கம் கால்கள் தானாகக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர் வீட்டுத் திண்ணைக்கு நடக்கும். இந்த முறை நடக்க வேண்டாம். காரணம் மாத்திரையாக இருந்தால் முதல் மருந்து அதை நிறுத்துவதுதான். கார்பிமசோலுக்குப் பதிலாகச் சிலருக்குக் கொடுக்கும் புரோபைல்தயோயுராசில் என்ற மாத்திரையில் இந்த ஈரல் ஆபத்து இன்னும் கடுமையானது.

என் மனைவிக்கு மாத்திரை தொடங்கிய அன்றே சமையலறைக் காலண்டரின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்: ‘காய்ச்சல், தொண்டை: கசாயம் இல்லை. கவுண்ட்.’ மாமியார் வந்திருந்தபோது அதைப் படித்துவிட்டு, நாட்டு மருந்துக் கடைக்காரன் வீட்டில் இப்படியும் எழுதியிருக்கிறதே என்று சிரித்தார்.

எங்கள் அலமாரியில் உங்களுக்கு ஆகாதவை

அமுக்கராவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தவறு என்னுடையது.

என் மனைவிக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாடி 118-லிருந்து 90-க்கு வந்திருந்தது, ஆனால் இரவில் தூக்கமில்லை. “ஏங்க, கடை நிறைய மருந்து இருக்கு, எனக்குத் தூங்க ஒண்ணு இல்லியா?” என்றாள். நான் யோசிக்கவே இல்லை. தூக்கத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் எத்தனையோ பேருக்குக் கொடுத்த சரக்கு. ராத்திரி பாலில் ஒரு தேக்கரண்டி அமுக்கரா சூரணம், பனங்கற்கண்டு போட்டு. ஆறு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் டி3 மறுபடி ஏறியிருந்தது. டாக்டரம்மா முதலில் கேட்டது, “மாத்திரையை விட்டீங்களா?” இவள் இல்லை என்றாள். “வேற ஏதாவது?” இவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

சூரணம் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நிறுத்திய பிறகு அளவு இறங்கியது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் அமுக்கரா, அதாவது அசுவகந்தா, தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்ட விஷயம். லேசான தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு நாளைக்கு 600 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது, டி3யும் டி4ம் கூடின. அவர்களுக்கு அது லாபம், நமக்கு நஷ்டம். அசுவகந்தா சாப்பிட்டுத் தைராய்டு கூடிப்போனவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் உண்டு. இன்று இது சூரணமாக மட்டும் வருவதில்லை. லேகியம், தூக்க மிட்டாய், ஜிம்முக்குப் போகிற பையன்கள் குடிக்கும் சத்துப் பொடி என எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

காஞ்சனார குக்குலு என்ற மாத்திரையை ‘தைராய்டு’ என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். காஞ்சனாரம் என்பது அப்பா கொடுத்த அதே மந்தாரை இனம்தான். கழலைக்குப் பழைய மருந்து, மறுக்கவில்லை. ஆனால் குக்குலு என்ற மரப் பிசின், மந்தாரை இரண்டுமே எலி ஆய்வுகளில் தைராய்டு ஹார்மோனைக் கூட்டியிருக்கின்றன. கழுத்து வீக்கம் என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கூடுதல் தைராய்டுக்கு எடுக்க வேண்டாம்.

கெல்ப் என்று குப்பியில் வரும் கடற்பாசிப் பொடி, மாத்திரை: வேண்டாம். சுரப்பி ஹார்மோன் செய்வதே அயோடினை வைத்துத்தான், இதில் அதன் அளவு தாறுமாறாக இருக்கும். வீட்டில் சமைக்கிற அயோடின் உப்பைக் கண்டு பயந்து கல்லுப்புக்கு மாறத் தேவையில்லை. கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை ஒடுக்கும் சிகிச்சைக்கு முன் ஓரிரு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு சொல்வார்கள், அப்போது மட்டும் உப்பு, மீன், கருவாடு, மேலப்பாளையத்தில் நோன்பு நாளில் செய்யும் கடல்பாசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்திலும் அயோடின் உண்டு என்பதால் ஸ்கேன் எடுப்பவரிடம் தைராய்டு பற்றி முதலில் சொல்லிவிடுங்கள்.

அதிமதுரம் தொண்டை வலியை மறைப்பதோடு நிற்காது, அதிகம் எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் குறைக்கும். தைராய்டு கூடிய ஆண்கள் சிலருக்கு, குறிப்பாக ஆசியர்களுக்கு, பொட்டாசியம் திடீரென்று இறங்கிக் கைகால் விழுந்துபோகும் ஒரு நிலை வருவதுண்டு. ராத்திரி கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சோறும் அல்வாவும் சாப்பிட்டுப் படுத்தவர், விடிகாலையில் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடப்பார். வாதம் அடித்துவிட்டது என்று தைலம் தேய்க்க ஆள் தேடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும், பொட்டாசியம் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அதிமதுரம் எதற்கு?

சீந்தில் கொடியால் ஈரல் பாதித்தவர்களைப் பற்றிக் கொரோனா காலத்துக்குப் பின் இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி திசைமாறியதால் வந்ததுதான் கிரேவ்ஸ். அதைத் தூண்டிவிடும் சரக்கையும், ஈரலைக் கவனிக்க வேண்டிய மாத்திரையையும் ஒன்றாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரிகடுகு சூரணம் கொஞ்சம் வேறு மாதிரி. சுக்கு, மிளகு, திப்பிலி. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற காரச்சத்து புரோபிரனோலாலை ரத்தத்தில் அதிகம் சேர வைக்கும். மனிதர்களிடமே சோதித்துப் பார்த்த விஷயம். ரசத்தில் தட்டிப் போடும் மிளகுக்காக யாரும் பயப்பட வேண்டாம். தினமும் தேனில் குழைத்துச் சூரணம் எடுக்கிறவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், தலைசுற்றல் வந்தாலோ நாடி மிகக் குறைந்தாலோ காரணம் தெரியும்.

துளசி, வில்வம், முருங்கை?

இவை குறைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு அடிப்படை உண்டு: துளசி, வில்வம், முருங்கை இலைச் சாறுகள் எலி, சுண்டெலி ஆய்வுகளில் தைராய்டு ஹார்மோனைக் குறைத்திருக்கின்றன. எலிக்குக் கொடுத்த சாற்றை அறுபது கிலோ மனிதருக்கு எத்தனை இலை என்று கணக்குப் போட வழியில்லை. முருங்கைக்கீரைப் பொரியலைச் சாப்பிடுங்கள், அது சாப்பாடு. கோயிலில் கொடுத்த துளசியை வாயில் போடுங்கள், அது பிரசாதம். தினமும் ஒரு டம்ளர் சாறு என்று ஆரம்பித்தால் அது மருந்து, மருந்துக்குரிய மரியாதையோடு கேட்டுச் செய்ய வேண்டும். இணையத்தில் விற்கும் லெமன் பாம், பகிள்வீட் போன்ற வெளிநாட்டு மூலிகைகளுக்கும் இதே பதில்தான்.

அப்படியானால் பயமில்லாமல் என்னதான் எடுப்பது? உடம்புச் சூட்டுக்கு வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணீர், நன்னாரி சர்பத், கோடையில் நுங்கு. எலும்பு தேய்வது இந்த நோயில் உண்டு, அதனால் மோர், கேழ்வரகு, எள். காபியைக் குறைத்தால் படபடப்பு குறையும், எங்கள் வீட்டில் அதுதான் பெரிய போராட்டமாக இருந்தது. பீடி, சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால் விட்டுவிடுங்கள். கிரேவ்ஸில் கண் பாதிப்பைப் புகை மோசமாக்கும்.

முடி மாத்திரை செய்யும் குழப்பம்

கூடுதல் தைராய்டில் முடி கொட்டும். கொட்டினால் பயோட்டின் மாத்திரை வாங்குவார்கள். பயோட்டின் நோயை ஒன்றும் செய்யாது, ஆனால் பல லேப்களில் பயன்படுத்தும் பரிசோதனை முறையைக் குழப்பிவிடும்: டி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அதாவது நன்றாக இருப்பவருக்கே கூடுதல் தைராய்டு இருப்பதுபோல ரிப்போர்ட் வரும், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், நிறுத்தியதையும் சொல்லுங்கள். முடி மாத்திரைகளிலும் ‘முடி, நகம், தோல்’ என்று போட்டு விற்கும் மூலிகைக் கலவைகளிலும் பயோட்டின் சேர்ந்திருக்கலாம்.

குழந்தைக்குக் காத்திருப்பவர்கள்

மாதவிலக்கு தள்ளிப்போகும் வரை பொறுக்காமல், திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். கருத்தரித்த முதல் மூன்று மாதம் கார்பிமசோல் குழந்தைக்கு ஆகாது, வழக்கமாக வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். தள்ளிப்போனது தெரிந்ததும் பயத்தில் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, அன்றே போன் செய்யுங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டுகிற லேகியத்தில் திரிகடுகு உண்டு, சிலர் பக்குவத்தில் அமுக்கராவும் சேரும். கிண்டுகிற பாட்டியிடம் சரக்கு என்னென்ன என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

சித்த மருத்துவரிடம் போவதென்றால்

போகலாம். பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது, படித்த மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. பி.எஸ்.எம்.எஸ் என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்தவரா என்று பாருங்கள். ஹைகிரவுண்ட் என்று நாங்கள் சொல்லும் அரசு ஆஸ்பத்திரியின் ஃபைலை அவரிடம் காட்டுங்கள், அவர் எழுதிய சீட்டை ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுங்கள். ஒருவருக்கு மற்றவர் தெரியக் கூடாது என்று மறைக்கிற நோயாளிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மருந்தின் பெயரைத் தாளில் எழுதி வாங்குங்கள். செந்தூரம், பற்பம் என்றால் என்ன உலோகம், எத்தனை நாள் என்று கேளுங்கள். ‘இங்கிலீஷ் மாத்திரைய நிப்பாட்டிட்டு வா’ என்று முதல் நாளே சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் சாக்கு விரித்து வேரும் பட்டையும் வைத்திருப்பார்கள். அவர்களில் நல்ல சரக்கறிந்த ஆட்களும் உண்டு, எனக்கே சிலரைத் தெரியும். ஆனால் பெயரில்லாத பொடியை நானே வாங்கமாட்டேன். அருவியில் குளித்துவிட்டு, நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டுப் போதும். காலையில் எழுந்து, காபிக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை. மாத்திரை அளவு மாறினால் தேதி. மருத்துவர் சம்மதத்தோடு ஒரு மூலிகையைத் தொடங்கினால் அதன் தேதி, அளவு, எந்தக் கடை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. தொடங்கி நாலு முதல் ஆறு வாரத்தில் ரத்தம் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறைத் தாண்டிக்கொண்டே இருந்தால், அல்லது தாளம் தப்பித் துடித்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.

அந்த முக்கூடல் அக்காவுக்கு அன்று நான் எதுவும் விற்கவில்லை. டி.எஸ்.எச்சைச் சுற்றி வட்டம் போட்டு, ‘கூடுதல்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மாசியில் மறுபடி வந்தார், வெட்டிவேர் வாங்க. கை நடுக்கம் நின்றிருந்தது. “எண்ணூறு வருது அண்ணாச்சி” என்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை, சூரணம், லேகியம், முடி மாத்திரை, பெயர் ஒட்டாத பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மேசையில் அப்படியே கவிழ்த்துவிடுங்கள். நோட்டையும் மறக்காதீர்கள்.